மேல் ஓடையின் பதினாறு மீன்கள்

1

அந்த ஓடையின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் இஷொயிலிருந்து மரியதாஸ் அண்ணை ஒரு வான் நிறைய ஆட்களோடும் இறைச்சி வாட்டும் அடுப்போடும் வந்து இறங்கிவிடுவார். இந்த டேனிஷ் நாட்டில் நாங்கள் இருக்கும் ஸ்கீவவிலிருந்து காரில் அரை மணி நேரம், பிறகு மாட்டுவேலியைத் தாண்டி முக்கால் மணி நேரம் நடை என்பது மட்டும் போதும். வீடு இல்லை, ரோட்டு இல்லை. கைத்தொலைபேசிக்கு ஒரு கோடுகூட விழாது. சில இடங்களில் ஓடையை ஒரே எட்டில் தாண்டலாம். அந்த ஓரெட்டுத் தண்ணீரில்தான் நான் தேடிப்போகும் மீன் இருக்கிறது. ஆங்கிலத்தில் ட்ரவுட் என்பார்கள். கபில நிற உடம்பு, அதில் குங்குமம் தெறித்தாற்போலச் சிவப்புப் புள்ளிகள்.

இதைப் பிடிக்கப் புழுவும் இல்லை, இறாலும் இல்லை. சின்ன ஊசியில் இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சி ஒன்றுதான். அதைத் தண்ணீரின் மேல், உண்மையான பூச்சி தவறி விழுந்ததுபோல விழுத்த வேண்டும். நிழல் பட்டால் மீன் போய்விடும், கால் அதிர்ந்தாலும் போய்விடும். ஆகவே முழங்காலில் போக வேண்டும். கோயிலில் முழங்காலில் நின்றதைவிட இந்த ஓடையோரம் அதிகம் நின்றிருக்கிறேன் என்று என் மனைவி திரேசா சொல்வாள். பொய்யில்லை.

நான் மன்னார்க் கரையில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்து வலைக்குப் போனேன். இந்த இறகு வேலையை முதல்முதல் பார்த்தபோது சிரிப்பு வந்தது. நாள் முழுக்க நின்று ஒரு மீன், அதையும் முத்தமிட்டுத் திரும்ப விடுகிறார்கள். ஆனால் எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. வேலைத்தலத்தில், கதவு ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில், சாப்பாட்டு நேரத்தில் யாராவது பகிடி சொன்னால் எல்லோரும் சிரித்து முடிந்த பிறகுதான் எனக்கு விளங்கும். ஓடையில் அந்தக் கரைச்சல் இல்லை. அதனால் ஒரு பழைய தடியை வாங்கிப் பழகினேன். பழக இரண்டு கோடைகாலம் போயிற்று. முதல் கோடையில் நான் பிடித்தவை என் தொப்பியும் ஒரு மாட்டின் வாலும்.

அந்த ஓடையில் பிடிக்க அரசாங்கத்தின் மீன்பிடி அட்டையோடு உள்ளூர் மீன்பிடிச் சங்கத்தின் அட்டையும் வேண்டும். சங்கத்தில் சேர்ந்தேன். அட்டையோடு ஒரு சின்னப் புத்தகமும் தந்தார்கள். இந்தக் கதை அந்தப் புத்தகத்தால் வந்தது.

2

புத்தகத்தில் கட்டங்கள். எந்த நாள், எந்த இடம், எத்தனை சென்ரிமீற்றர். திரும்ப விட்டாயா, வீட்டுக்குக் கொண்டு போனாயா. விதித்த நீளத்துக்கு மேற்பட்டதைத்தான் கொண்டு போகலாம். வருட முடிவில் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். முதல் பக்கத்தில் அப்படித்தான் இருந்தது. என் டேனிஷ் அவ்வளவு கெட்டி இல்லை என்றாலும் அவ்வளவு வாசிப்பேன்.

நான் எல்லாவற்றையும் எழுதினேன். விரல் நீளக் குஞ்சு பிடிபட்டாலும் எழுதினேன். ஒன்றும் பிடிபடாத நாளை, ஒன்றும் இல்லை என்று எழுதினேன். ஊசி விழுங்கி இரத்தம் வந்த மீனை, இரத்தம் என்று எழுதினேன்.

ஏன் என்று ஊரில் இருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சண்டைக் காலத்தில் கடலுக்குப் போக பாஸ் வேண்டும். விடியக் கரையில் நேவிக்காரனின் சென்றிக் காவலரணில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போவோம். அவன் ஒரு கொப்பியில் எழுதுவான். படகில் எத்தனை பேர், எத்தனை மணி, எத்தனை கான் மண்ணெண்ணெய். திரும்பி வரும்போது கொப்பியும் நாங்களும் ஒத்துப்போக வேண்டும். ஒருநாள் கொப்பியில் ஒரு கான் குறைய எழுதியிருந்தான். பிழை அவனுடையது. மத்தியானம் திரும்பும்வரை சுடுமணலில் முழங்காலில் நின்றது என் சித்தப்பா.

இங்கே வந்த பிறகும் அதுதான். அகதி விசாரணையில் ஒரே கேள்வியை மூன்று தரம், மூன்று நாட்களில் கேட்டார்கள். வள்ளத்தில் எத்தனை பேர்? முதல் நாள் ஒன்பது என்று சொல்லி மூன்றாம் நாள் பத்து என்று சொன்ன ஒருவன் எங்கள் முகாமில் இருந்தான். கைக்குழந்தையைச் சேர்த்தால் பத்து, சேர்க்காவிட்டால் ஒன்பது. அவனுக்கு விசா கிடைக்கவில்லை. அன்றிலிருந்து கட்டம் போட்ட கடதாசி ஒன்றைக் கண்டால் நான் உள்ளதை உள்ளபடி எழுதுவேன். பஸ் நிறுத்தத்தில் கருத்துக்கணிப்பு எடுக்கிற பிள்ளைகள் நீட்டும் கடதாசிக்கும் அப்படித்தான்.

மற்றவர்கள் எழுதுவதில்லை என்பது எனக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை. நான் ஒருவரிடமும் கேட்கவில்லை.

3

மாசி மாதத் தொடக்கத்தில் கடிதம் வந்தது. சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கான அழைப்பு. கடைசியில் ஒரு முன்மொழிவு இருந்தது. அதன் சாரம் விளங்கியது, ஆனால் விளங்கியதை நம்ப முடியாமல் மகளிடம் கொடுத்தேன்.

மகள் மெலனி ஓகூஸ் நகரத்தில் படிக்கிறாள், சனி ஞாயிறில் வருவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் அப்படியே வளர்ந்துவிட்டது. இறைச்சி மீன் சாப்பிடுவதை அவள் விட்டு மூன்று வருடம். அது வேறு கதை.

அவள் வாசித்தாள். "கடந்த பருவத்தில் மேல் ஓடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டவை பதினாறு மீன்கள். பதினாறையும் எடுத்தவர் ஒரே அங்கத்தவர். ஆகவே இனிமேல் மேல் ஓடையில் பிடிக்கும் எல்லா மீனையும் திரும்ப விடவேண்டும். மீறினால் அங்கத்துவம் போகும்."

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இது நீங்கள்தானே."

"ஓம்."

"பதினாறா?"

"பதினாறுதான். எல்லாம் அளவுக்கு மேல. புத்தகத்தில இருக்கு."

அவள் டேனிஷில் நீளமாகச் சொன்னாள். எல்லோரும் திரும்ப விடும்போது நான் மட்டும் ஏன் கொன்று கொண்டு வருகிறேன், கடையில் மீன் இல்லையா, ஊர் முழுக்க எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள். "கூட்டத்துக்குப் போகவேண்டாம். போனால் நான் உங்களுக்குப் பதிலாகக் கதைக்கிறேன்."

குசினிக்குள் இருந்து திரேசா எட்டிப் பார்த்தாள். அவள் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறாள், இந்த நாட்டு ஆட்களை என்னைவிட நன்றாகத் தெரியும்.

"இஞ்சேருங்கோ, விடுங்கோ. அவையின்ர ஆறு, அவையின்ர மீன். மீன்தானே வேணும்? சனிக்கிழமை கடையில நான் வாங்கித்தாறன்."

"மீன் வேணுமெண்டு நான் சொன்னனானே?"

"அப்ப என்ன வேணும்?"

யோசித்துப் பார்த்தால் பதில் இதுதான். அந்த ஓடையில் நான் பிடிப்பதைத் தின்னலாம் என்று எழுதியிருக்கிறது. தின்றேன். எழுதச் சொன்னார்கள். எழுதினேன். எழுதியதற்காக என்னைப் பிடிக்கிறார்கள். இதற்கு நான் பேசாமல் இருந்தால், இனி எந்தக் கட்டத்திலும் உண்மையை எழுத எனக்குக் கை வராது.

விஷயத்தைக் கேட்டு மரியதாஸ் அண்ணை தொலைபேசியில் சிரித்தார். மன்னாரில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவர், இங்கே எனக்கு முன்னமே வந்தவர்.

"டேய், மாதா திருநாள் கொமிற்றியில கொடிமரத்துக்கு என்ன நிறமெண்டு ஒரு வருசம் சண்டை பிடிச்ச ஆக்கள் நாங்கள். நீ ஒரு சாண் மீனுக்கு வெள்ளைக்காரனோட சண்டையோ?"

"சாண் இல்லை அண்ணை. சாணுக்கு மேல."

"சரி, சாணுக்கு மேல. அதுக்குள்ள முள்ளு எத்தினை? போய்க் கதைக்கப் போறியோ? நீ கலியாண வீட்டில வாழ்த்துச் சொல்லவே மாட்டியே!"

"கதைக்கப் போறன்."

"அப்ப ஜக்கெட் போட்டுக்கொண்டு போ" என்றார்.

4

கூட்டத்துக்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

அந்தப் பதினாறில் மூன்று நான் பிடித்தவை அல்ல.

வைகாசியில் ஒரு காலை, ஓடை வளையும் இடத்தில் நாணலுக்குள் முழங்காலில் இருந்தேன். மேலே, எதிர்க்கரையில், சங்கத் தலைவர் ஹென்ரிக் நின்றார். உயர்ந்த மனிதர், பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து இளைப்பாறியவர். இந்த முன்மொழிவை எழுதியவரும் அவர்தான். நல்ல வீச்சு அவருடையது, நூல் தண்ணீரில் விழும் சத்தம்கூடக் கேட்காது. ஒரு நல்ல மீன் எடுத்தார். அதைப் புல்லில் கிடத்தினார், அளந்தார், கைத்தொலைபேசியை எடுத்தார், கண்ணாடியைத் துடைத்தார், ஒரு படம், இன்னொரு படம். மீனை நெஞ்சுக்கு நேரே பிடித்து ஒரு படம். பிறகு மெதுவாக, ஒரு குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோலத் தண்ணீரில் விட்டார். மீன் ஆழத்துக்குள் இறங்கியது. அவர் சந்தோஷமாக மேலே நடந்து போனார்.

நான் எழும்பி வணக்கம் சொல்லியிருக்கலாம். வெட்கம். நாணலுக்குள் இருந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த மீன் வயிறு மேலாக வந்தது. செவுளில் இரத்தம். என் முழங்காலுக்கு முன்னால் ஒரு வேரில் தட்டி நின்றது. எடுத்துப் பார்த்தேன், செத்துவிட்டது. பழுதாகாத உணவு. மீனை வீணாக்குவது எனக்குத் தெரியாத வேலை. வீட்டுக்குக் கொண்டு போனேன், திரேசா புளி விட்டுக் குழம்பு வைத்தாள். இரவு புத்தகத்தை எடுத்தேன். செத்துக் கண்டெடுத்தது என்று எழுத ஒரு கட்டம் இல்லை. வீட்டுக்குக் கொண்டு போனதற்குத்தான் கட்டம் இருந்தது. வீட்டுக்குத்தானே கொண்டு வந்தேன். எழுதினேன்.

அந்தக் கோடையில் அப்படி இன்னும் இரண்டு. அவற்றை விட்டது யார் என்று நான் பார்க்கவில்லை.

5

கூட்டம் ஒரு பழைய பள்ளிக்கூட மண்டபத்தில். வாசலில் கோப்பி, கறுவாப் பாண். மெலனிதான் காரோட்டி வந்தாள். கடைசிவரையும் போகவேண்டாம் என்றவள், கடைசி வரிசையில் போய் இருந்தாள். கறுத்த தலை எங்கள் இரண்டும்தான்.

இந்த நாட்டில் நாலு பேர் சேர்ந்து புறா வளர்த்தாலும் அதற்கு யாப்பு என்று எழுதிய விதிகள் இருக்கும், கூட்டத்தை நடத்த ஒரு நடுவர் இருப்பார். அன்றைய நடுவர் ஒரு தடித்த விவசாயி. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். படகுத்துறைப் பலகை, புல் வெட்டுதல், கோடை விருந்து. கடைசியில் எங்கள் விஷயம்.

ஹென்ரிக் எழும்பி அழகாகப் பேசினார். ஓடை சின்னது, மீன் கொஞ்சம், வருங்காலச் சந்ததி. "நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை," என்றார். "ஆனால் புத்தகங்கள் பொய் சொல்வதில்லை. பதினாறு மீன், ஒரு அங்கத்தவர்."

ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இங்கத்தை மரியாதை அது. திரும்பிப் பார்க்காமலே எல்லோரும் பார்ப்பார்கள்.

"யாராவது பேச விரும்புகிறீர்களா?" என்றார் நடுவர்.

என் கை எழும்பியது. எழும்பிய பிறகுதான் எனக்கே தெரியும். கோப்பிக் கோப்பையைக் கீழே வைக்க மறந்து, அதோடேயே எழும்பி நின்றேன்.

"அந்த ஒரு அங்கத்தவர் நான்," என்றேன். என் டேனிஷில் சொற்கள் இடம் மாறித்தான் நிற்கும். "என் புத்தகத்தில் பதினாறு எடுத்தது இருக்கிறது. நாற்பத்தொன்று திரும்ப விட்டதும் இருக்கிறது. மற்றப் புத்தகங்களில் திரும்ப விட்டது எத்தனை?"

ஹென்ரிக் கடதாசிகளைப் புரட்டினார். "பெரும்பாலானவை வெறுமையாக வந்தன. எடுக்காததால்."

"எடுக்காததாலா, எழுதாததாலா?"

பின்னால் யாரோ சிரித்துவிட்டு இருமினார். முன்வரிசையில் இருந்த இங்கர் என்ற பெண், ஓடையில் என்னை அடிக்கடி காண்பவர், கையைக் கூடத் தூக்காமல் சொன்னார். "நான் மூன்று வருடமாக ஒரு எழுத்து எழுதவில்லை. புத்தகம் எங்கே என்றும் தெரியாது."

"இங்கர், கையைத் தூக்கிவிட்டுப் பேசு," என்றார் நடுவர்.

"தூக்கினேன் என்று வைத்துக்கொள்."

சிரிப்பு. சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். இவ்வளவு நேரம் நிற்பேன் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"இன்னொன்று," என்றேன். "பதினாறில் மூன்று நான் பிடித்தது இல்லை. யாரோ பிடித்துத் திரும்ப விட்டார்கள். ஒன்றைப் படமும் எடுத்தார்கள். அவை செத்து என்னிடம் மிதந்து வந்தன. நான் தின்றேன். தின்றதால் எழுதினேன். நான் எழுதாவிட்டால் அந்த மூன்றும் ஒரு புத்தகத்திலும் இல்லை. ஒருவரும் கொல்லாத மீன்கள்."

மண்டபத்தில் நாற்காலிகள் அசைந்தன. ஒரு வாலிபன் எழும்பினான், முகம் சிவந்து. "அது பெரிய குற்றச்சாட்டு. யார் விட்டது? பெயரைச் சொல்."

ஹென்ரிக் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது நுனி சிவந்து வந்தது. படம் எடுத்த நாள் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அந்தப் படம் சங்கத்தின் இணையப் பக்கத்திலேயே இருந்தது, எல்லோரும் பார்த்த படம். நான் அவருடைய பெயரைச் சொன்னால் அந்த இடத்திலேயே விஷயம் முடிந்துவிடும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"சொல்ல மாட்டேன்," என்றேன்.

"அப்படியென்றால் நாங்கள் எப்படி நம்புவது?"

"நம்பாதே. நான் வந்த இடத்தில் இராணுவம் சாக்கால் முகத்தை மூடி ஒரு ஆளைக் கொண்டுவந்து வைக்கும். நாங்கள் வரிசையில் போவோம். அவன் ஒருவனைப் பார்த்துத் தலையை ஆட்டினால், அந்த ஒருவன் வீட்டுக்கு வரமாட்டான். எனக்கு அந்த வேலை தெரியாது. பழகவும் மாட்டேன். மீனுக்காகப் பழக மாட்டேன்."

நிறுத்தலாம் என்று நினைத்தேன், ஆனால் ஒன்று மிச்சம் இருந்தது.

"நீங்கள் மீனைத் திரும்ப விடுகிறீர்கள். அது உங்கள் விருப்பம், நான் சிரிக்க மாட்டேன். நான் பசிக்குப் பிடிக்கிறவன். பிடித்தால் ஒரு தரம் நோகப்பண்ணி முடிப்பேன், தின்பேன், எழுதுவேன். விளையாட்டுக்குப் பிடித்தால்தான் நல்லவன், சாப்பாட்டுக்குப் பிடித்தால் கள்ளன் என்று சட்டம் போடுவதென்றால் போடுங்கள். ஆனால் அதற்குக் காரணம் என் புத்தகம் என்று எழுதாதீர்கள். இந்தச் சங்கத்தில் இருக்கிற ஒரே புத்தகம் அது."

கதிரையில் இருந்தேன். கோப்பி பாதி என் காற்சட்டையில்.

6

வாக்கெடுப்பு கை தூக்கி.

முன்மொழிவுக்கு ஆதரவான கைகளை நடுவர் எண்ணினார். பதினான்கு. அந்த வாலிபன் இரண்டு கையும் தூக்கியிருந்தான், ஒன்றைக் கீழே விடச் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எதிராக என்று கேட்டபோது என் கையைத் தூக்கி, அது ஒன்றாகவே இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். இங்கரின் கை. நான் இதுவரை ஒரு சொல் பேசாத ஒரு கிழவரின் கை. ஜன்னல் பக்கம் ஒரு வரிசையே.

"பதினைந்து," என்றார் நடுவர். "முன்மொழிவு..." என்று தொடங்கியவர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இழுத்துக் கடைசி வரிசையைப் பார்த்தார். "அங்கே கை தூக்கியிருக்கும் பெண். நீ அங்கத்தவரா?"

திரும்பினேன். மெலனி. கை நேராக மேலே.

"இல்லை," என்றாள்.

"அங்கத்தவர் இல்லாதவர்கள் வாக்களிக்க முடியாது."

"தெரியும்," என்றாள். கையை இறக்கவில்லை.

மண்டபம் சிரித்தது. நடுவரும் சிரித்தார். பிறகு பென்சிலால் ஒன்றை வெட்டினார். "பதினான்குக்குப் பதினான்கு."

நடுவர் யாப்பைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டியது எனக்கு ஒரு முழுப் பருவம் போல இருந்தது. விரலை ஒரு வரியில் வைத்து வாசித்தார். வாக்குகள் சமமானால் முன்மொழிவு விழும். பழைய விதி இருக்கும்.

அவ்வளவுதான். நான் மேல் ஓடையில் மீன் பிடிக்கலாம். அளவுக்கு மேற்பட்டதைத் தின்னலாம்.

வாசலில் ஜக்கெட்டைப் போடும்போது மெலனி வந்தாள். நான் அவளுக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள், தமிழில். "அப்பா, நான் மீனுக்குக் கை தூக்கேல்ல. நீங்கள் சாப்பிடுறது பிழைதான்."

"சரி."

"சரியெண்டு சொன்னாலும் சாப்பிடுவீங்கள். சாப்பிட்டதை எழுதுவீங்கள்."

"ஓம்."

"அதுதான் தூக்கினனான்," என்றுவிட்டுக் காரை எடுக்கப் போனாள்.

நான் படியில் நின்றேன். ஹென்ரிக் வெளியே வந்தார். என் பக்கத்தில் வந்து நின்றார். நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டினார்.

"அடுத்த வருடம் இதைத் திரும்பக் கொண்டு வருவேன்," என்றார். "ஓடைக்கு அது நல்லது. நான் அப்படித்தான் நம்புகிறேன்."

டேனிஷில் பெரியவர் சின்னவர் இல்லை, எல்லோருக்கும் நீதான். இவ்வளவு வருடமாக அந்தச் சொல் என் நாக்கில் கூசும். அன்று கூசவில்லை.

"கொண்டு வா," என்றேன். "நானும் வருவேன். ஆனால் வரும்போது நீ எழுதிய புத்தகத்தையும் கொண்டு வா."